தொம்மையின் ஸ்பெயின்காரி

ஜனவரி 5

இந்த டைரி எனக்கென்று வந்ததில்லை. ஒயின் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரசன்னா தம்பி என் வீட்டுக்காரர் தொம்மைக்குக் கொடுத்தது. கொடிக்கு என்றைக்குத் தண்ணீர் விட்டோம், என்ன மருந்து அடித்தோம், என்றைக்குக் கவாத்து வெட்டினோம் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். அவருக்குப் போன மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதனால் ஐந்தாம் வகுப்போடு நின்ற பிரகாசியாகிய நான் எழுதுகிறேன். கம்பெனிக்காரர்கள் தண்ணீர், மருந்து என்று இருக்கிற வரியை மட்டும் படித்துக்கொள்ளட்டும். மற்றது எங்கள் வீட்டுப் பாடு.

இன்று சலேமாவுக்குக் கவாத்து. எங்கள் ஒரு ஏக்கரில் பாதி பன்னீர் திராட்சை, கம்பம் பக்கத்தில் எல்லோரும் வைத்திருப்பது. மீதிப் பாதியில் நின்ற பன்னீரைப் பிடுங்கிவிட்டு, கம்பெனி கொடுத்த இந்தச் சலேமாவை நட்டார். ஸ்பெயின் தேசத்தின் தெற்கே கடலோரத்தில் விளைகிற வெள்ளைத் திராட்சையாம். ஒயினுக்குத்தான் ஆகுமாம். கூட்டம் போட்டுக் கேட்டபோது ஊரில் ஒருத்தரும் கை தூக்கவில்லை, இவர் மட்டும் தூக்கினார். பேர் அழகாக இருக்கிறது என்றுதான் தூக்கியிருப்பார்.

“அம்பது வயசுக்கு மேல தொரைக்குச் சின்ன வீடு கேக்குதோ” என்றேன் அன்றைக்கு.

“போடி” என்றார்.

அன்றிலிருந்து சலேமா எனக்குச் சக்களத்தி. இந்த வருடம்தான் அவள் முதல் காய்ப்பு.

வெட்டிய நுனியிலெல்லாம் நீர் சொட்டியது. பன்னீரும் சொட்டும், ஆனால் இவள் அளவுக்கு இல்லை. பந்தலுக்குக் கீழே நடந்தால் தலை நனைந்தது. வந்து அவரிடம் சொன்னேன்: “உங்க ஸ்பெயின்காரி உங்களக் காணோம்னு ஒரே அழுகை.” இடது பக்க வாய் மட்டும் சிரித்தது.

ஜனவரி 9

மகள் ஜெசிந்தா திருப்பூரிலிருந்து போன் செய்தாள். அப்பாவுக்கு எப்படி வந்தது, என்ன ஏது என்று மறுபடியும் கேட்டாள். எத்தனை தடவை சொல்வது. இங்கே எழுதி வைத்தால் அடுத்த தடவை வாசித்துக் காட்டலாம்.

சவேரியார் திருநாள் அன்று காலையில் பந்தல் கம்பியை முறுக்கிவிட்டு வருகிறேன் என்று போனவர், திரும்பி வந்து வாசலில் சரிந்து உட்கார்ந்தார். கால் முழுக்கச் சேறு. “என்ன தொரை, பூசைக்கு முந்தியே ஊத்திக்கிட்டு வந்துட்டீகளா” என்றேன். “போடி” என்றார். எழுந்திரிங்க என்றேன். “போடி.” அவர் தம்பி லூர்து பார்த்துவிட்டு, “மதினி, வாய் கோணியிருக்கு, ஆசுபத்திரிக்குப் போயிருவோம்” என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சேற்றுக் காலோடு, கிழிந்த லுங்கியோடு கூட்டிப் போனால் நம்மை யார் மதிப்பார்கள். வெந்நீர் வைத்து உடம்பைத் துடைத்தேன். முகச்சவரம் செய்துவிட்டேன். திருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது கரண்ட் போய்விட்டது, வருகிற வரைக்கும் பொறுத்தேன். அவர் பாட்டுக்குப் போடி போடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாய் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, மனுசனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டே பித்தான் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளைகள், “மாப்பிள்ளை மாதிரி கூட்டியாந்திருக்கீங்களே” என்றார்கள். டாக்டர் எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டார். பேச்சு இருந்ததா என்று கேட்டார்.

“நல்லாப் பேசுனாரு சார். என்னைய வைஞ்சுக்கிட்டேதான் வந்தாரு” என்றேன்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு சொல்தான் இப்போது மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் போடி, ஒன்றுக்கு வந்தாலும் போடி. குரலை வைத்து நான் கண்டுபிடித்துவிடுகிறேன். முப்பது வருடமாக அந்த ஒரு சொல்லைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் புதிதில்லை.

ஜனவரி 18

ஞாயிறு. பங்குச் சாமியார் எங்கள் வீட்டுக்கே வந்து நன்மை கொடுத்தார். அப்பத்தைத் தூக்கிப் பிடித்து, “கிறிஸ்துவின் திருவுடல்” என்றார்.

“போடி” என்றார் இவர்.

சாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. புதிதாக வந்தவர், சின்ன வயது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “ஆமென்னு சொல்றாரு சாமி” என்றேன். அவர் போனதும் நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. சிரித்து முடித்தபின் அவருடைய இடது கண்ணில் நீர் வந்தது. வலது கண்ணில் எப்போதும் வருவதுதான், அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜனவரி 20

சலேமாவுக்குத் தண்ணீர். அவருக்கும் தலைக்குத் தண்ணீர்.

ஜனவரி 28

துளிர் விட்டுவிட்டது. பன்னீர் இலை கரும்பச்சை, இவளுடையது வெளுத்த பச்சை. துளிர் நுனியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூனைமுடி. ஒரு துளிரைக் கிள்ளிக்கொண்டு வந்து அவர் கன்னத்தில் உரசினேன். “உங்க ஆளு அனுப்பிச்சது.” இடது கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை. தூங்கினபிறகுதான் எடுத்தேன், கசங்கியிருந்தது.

ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அமுக்க மாட்டேன் என்கிறது. நானே என் கையை மேலே வைத்து அமுக்கிவிட்டேன். பார்க்கிறவர்களுக்கு அவர் அமுக்குவது மாதிரி இருக்கும்.

பிப்ரவரி 11

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தோம். ஸ்பெயினிலும் இதே மருந்துதான் என்று பிரசன்னா தம்பி சொன்னது. அப்படியானால் அங்கேயும் பெண்பிள்ளைகளுக்கு விரல் நுனி நீலமாகத்தான் இருக்கும்.

அவர் முதுகில் ஒரு இடம் சிவந்திருக்கிறது. புரட்டிப் போட்டு பவுடர் போட்டேன்.

பிப்ரவரி 18

சாம்பல் புதன். லூர்து தம்முடைய குட்டியானை வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். காய்கறிப் பெட்டி ஏற்றுகிற வண்டி. பின்னால் நாற்காலி போட்டு, அதில் அவரை உட்கார வைத்து, விழாமல் நான் பிடித்துக்கொண்டேன். ஊர்ப் பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். “சப்பரம் வருது, கும்பிட்டுக்கங்க” என்றேன். சிரித்தார்கள்.

சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்றார். இதற்கு ஒரு போடி வரும் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. இடுப்பில் லேசாகக் கிள்ளினேன். அப்போதும் வரவில்லை. சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து காபி கொடுத்தபிறகுதான் சொன்னார். நிம்மதியாக இருந்தது.

மார்ச் 14

கொத்துக் கொத்தாகக் காய். இவர் நட்ட கொடிகளில் ஐந்தாறு மட்டும் சோடை. பக்கத்துத் தெரு அன்னத்தாய் மூன்று பெண்களோடு வந்து இலை கிள்ளிக் கொடுத்தாள். “என்ன மதினி, உங்க பழம் எப்பக் கறுக்கும்” என்று கேட்டாள். “அவ சீமைக்காரி, கறுக்க மாட்டா. ஒன்னையும் என்னையும் மாதிரியா” என்றேன்.

அது ஒரு சங்கடம்தான். பன்னீர் கறுத்தால் பழுத்தது என்று தெரியும். இது பழுத்தாலும் பச்சையும் மஞ்சளுமாகவே நிற்குமாம். பிரசன்னா தம்பி இனிப்பு அளக்கிற ஒரு குழாயைக் கொண்டுவந்து, ஒரு பழத்தைப் பிழிந்து ஒரு சொட்டு விட்டு, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தது. இன்னும் ஒன்றரை மாதம் ஆகுமாம்.

அந்தத் தம்பி ஒரு நல்ல காரியம் செய்கிறது. மற்றவர்கள் எல்லாம் இவரைப் பற்றி என்னிடம் கேட்பார்கள். அது கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இவரிடமே பேசும்.

“அய்யா, இந்தச் சலேமா ரொம்ப ரோசக்காரி. கொத்து அறுத்ததும் நேரம் ஓட ஆரம்பிச்சிரும். பழம் லேசா உடைஞ்சு காத்துப் பட்டாப் போதும், சாறு பழுப்பாயிரும். அங்க ஸ்பெயின்லயே இவளால பெரிய தலைவலி. விடியுறதுக்குள்ள அறுத்து, அப்படியே கிரேட்ல போட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள கம்பெனிக்கு வந்துரணும்.”

இவர் தலையை ஆட்டினார். “போடி” என்றார், பெரிய மனுசன் மாதிரி.

“முதல் பாட்டில் உங்களுக்குத்தான்யா. நானே கொண்டாந்து குடுப்பேன்.”

நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். காலையிலேயே அறுக்கச் சொல்கிறது என்று மட்டும் மனசில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5

உயிர்ப்புத் திருநாள். ஜெசிந்தா பிள்ளைகளோடு வந்தாள். அவருக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டேன். தோளில் தொங்கியது, உள்ளே இன்னொரு ஆள் இருக்கலாம். “உங்க ஸ்பெயின்காரியவும் உள்ள கூட்டிக்கங்க” என்றேன். “போடி.” பேரன் பேத்திகள் ஆளுக்கொரு போடி சொல்லிக்கொண்டு வீடு முழுக்க ஓடின.

மத்தியானம் கறிச்சட்டி கழுவும்போது ஜெசிந்தா கேட்டாள்.

“அம்மா, அப்பாவப் பாத்த டாக்டருகிட்டப் பேசுனேன்.”

“என்ன சொன்னாரு? ஒங்கம்மா அழகா இருக்கானு சொன்னாரா?”

“அன்னைக்கு அப்பா விழுந்ததுலருந்து ஆசுபத்திரி போற வரைக்கும் என்னம்மா செஞ்சீங்க?”

“ஒங்கப்பனுக்குச் சிங்காரிச்சேன். ஒன் கல்யாணத்துக்குக்கூட அம்புட்டு லச்சணமா இல்ல அந்தாளு.”

அவள் சிரிக்கவில்லை. சட்டியையே தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள். “சரி, விடுங்கம்மா” என்றாள் கடைசியில். அவள் பஸ் ஏறும்போது மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 6

தண்ணீர் பாய்ச்சினேன். வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 17

பிரசன்னா தம்பி குழாயில் பார்த்துவிட்டு, மேற்கு வரிசை அடுத்த வாரம் அறுக்கலாம் என்றது. கிழக்கே நிழல் விழுகிற வரிசைகள் அதற்கு ஒரு வாரம் கழித்து. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி வைத்தேன். சக்களத்தி பிரசவத்துக்கு மூத்தாள் நேர்ந்துகொள்வதை இந்த வீட்டில்தான் பார்க்கலாம்.

ஏப்ரல் 24

இன்று சலேமா அறுப்பு.

அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ப் பந்தலுக்குக் கீழே போட்டோம். விடியும் முன்னே அன்னத்தாயும் பெண்களும் வந்துவிட்டார்கள். சீக்கிரமே அறுத்து முடித்தோம். முதல் கொத்தில் ஒரு பழத்தை அவர் வாயில் பிழிந்தேன். நாக்கைச் சப்பினார். கண்ணை மூடிக்கொண்டார்.

கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கிரேட் வந்திருந்தது. கொத்தைப் பார்த்தேன். காய்ந்த சருகு ஒட்டியிருக்கிறது. ஒன்றிரண்டு வெடித்த பழம், இரண்டு சூம்பல். இதை அப்படியே அள்ளிப் போட்டு அனுப்பினால் தொம்மை தோட்டத்துப் பழம் என்று சொல்ல வாய் வருமா. மதுரை மார்க்கெட்டுக்குப் பன்னீர் அனுப்பும்போதே, கொத்தைத் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு சொத்தைப் பழமாக நறுக்கி எடுத்து, பேப்பர் விரித்து அடுக்குவோம். எங்கள் பெட்டியை வியாபாரி பிரித்துப் பார்க்காமலே எடுப்பார். இது சீமைப் பழம், முதல் காய்ப்பு. பெண்களை உட்கார வைத்தேன். எல்லாக் கொத்தையும் சுத்தம் செய்தோம். பழைய பேப்பர் விரித்து, காம்பு மேலே தெரியும்படி, பூக்கடை மாதிரி அடுக்கினோம்.

அவர் மட்டும் கட்டிலில் போடி போடி என்று ஒரே பாட்டம். இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். ஒன்றுக்கா என்று பார்த்தேன், இல்லை. தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டார். “சின்ன வீட்டுக்கு மூத்தவ தலை சீவி விடுறாள்ல, அதுதான் தொரைக்குப் பொறுக்கல” என்றேன். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். உள்ளங்கை சிவந்துவிட்டது. பிரசன்னா தம்பி போன் செய்துகொண்டே இருந்திருக்கிறது, என் போன் வீட்டில் கிடந்தது.

வண்டி கிளம்பும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

ஏப்ரல் 25

கம்பெனி வாங்கவில்லை.

லூர்து கிரேட்டுகளை எல்லாம் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். மேலே பார்த்தால் நேற்று அடுக்கின அழகு அப்படியே இருக்கிறது. கையை உள்ளே விட்டால் பேப்பர் நனைந்து, கீழே டீத்தண்ணீர் மாதிரி நிற்கிறது. புளித்த வாசனை. கத்தரிக்கோல் பட்ட பழங்களிலிருந்து வழிந்த சாறாம்.

சாயங்காலம் பிரசன்னா தம்பி வந்தது. என்னைத் திட்டும் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

“உங்க மேல தப்பு இல்லம்மா. நீங்க நல்லதுன்னு நினைச்சுச் செஞ்சீங்க. ஆனா இது கண்ணுக்கு அழகா வேண்டாம்மா. அழுக்கா இருந்தாலும் பரவாயில்ல. நேரத்துக்கு வரணும். அம்புட்டுத்தான்.”

“வெளியூரு போற பொருளு. பாக்க நல்லா இருக்க வேண்டாமாப்பா?”

“நீங்க சுத்தம் செஞ்ச நேரத்துலதாம்மா அது போயிருச்சு.”

நான் எழுந்து கோழிக்கு இரை போடப் போனேன். இரண்டாம் முறையாகப் போட்டேன் என்பது கோழி தின்னாமல் நின்றபோதுதான் தெரிந்தது.

அந்தத் தம்பி மேனேஜரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறதாம். கிழக்கு வரிசைப் பழம் சரியாக வந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

இரவு சாதம் பிசைந்து ஊட்டும்போது அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 27

இஸ்திரிப் பெட்டியை லூர்து வீட்டில் கொடுத்துவிட்டேன். எங்களுக்கு இப்போது அவசியம் இல்லை.

ஏப்ரல் 30

அவருக்குத் தலைவலி போலிருக்கிறது. இடது கையை நெற்றியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். மாத்திரை தவறாமல் கொடுக்கிறேன். தைலம் தேய்த்தேன். நாளை மறுநாள் அறுப்பு முடிந்ததும் டாக்டரிடம் காட்டலாம் என்று லூர்துவிடம் சொன்னேன்.

மே 4

இரண்டு நாளாக எழுதவில்லை. இது ஆஸ்பத்திரி வராந்தா. பையில் மாத்திரைச் சீட்டோடு இந்த டைரியும் கிடந்தது.

இரண்டாம் தேதி விடியலில் அறுத்தோம். தம்பி சொன்ன மாதிரியே. கொத்தை அறுத்ததும் சருகோடு, சொத்தையோடு கிரேட்டில் போட்டோம். கத்தரிக்கோலைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை, அறுத்ததும் பிடுங்கி ஒளித்து வைத்தேன். கிழக்கு வெளுக்கும்போது வண்டியில் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டோம். அவர் பந்தலுக்குக் கீழே கட்டிலில் படுத்திருந்தார்.

“பாத்தீகளா தொரை. உங்க சின்ன வீட்ட எப்படித் தூக்கி எறியிறேன்னு” என்றேன் ஒரு கிரேட்டைத் தூக்கிக்கொண்டே.

பதில் இல்லை.

கிரேட்டோடு அங்கேயே நின்றேன். மறுபடி சொன்னேன். “தொரை, உங்களத்தான்.” இலையில் நீர் சொட்டுகிற சத்தம்தான் கேட்டது. கிரேட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். வாந்தி எடுத்திருந்தார், சத்தமில்லாமல், கழுத்து வழியாக வழிந்திருந்தது. கண் எங்கேயோ நின்றது.

“லூர்து, வண்டிய எடுங்க.”

“மதினி, பெட்டிய எறக்கிட்டு...”

“எறக்க வேணாம். நடுவுல இருக்கறத மட்டும் தள்ளுங்க.”

அன்னத்தாய் ஒரு துண்டை நனைத்துக்கொண்டு ஓடிவந்தாள், வாயையாவது துடைத்துவிடுவோம் மதினி என்று. நான் அதைத் தட்டிவிட்டேன். அவள் கையில் அடிபட்டிருக்கும். கிழிந்த லுங்கி, சேறு, வாந்தி, திராட்சைச் சாறு, எல்லாவற்றோடும் நாலு பேர் தூக்கிக் கிரேட்டுகளுக்கு நடுவில் படுக்க வைத்தோம். தலை என் மடியில். என் காலில் செருப்பு இல்லை.

ஆஸ்பத்திரி போகிற வழியில்தான் கம்பெனி. கேட் திறந்திருந்தது. பிரசன்னா தம்பி வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. வெயில் இன்னும் ஏறவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று அதற்குச் சந்தோசம். லூர்து வண்டியை லேசாக மெதுவாக்கினார். வேண்டுமென்று இல்லை, கால் பழக்கம். நான் முன்கூரையை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். வண்டி நிற்கவில்லை. அந்தத் தம்பி தூக்கிய கையை இறக்காமல் நின்றது கண்ணிலேயே இருக்கிறது.

வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனேன். “ஊரெல்லாம் பாக்குது, மூத்தவளும் எளையவளும் சேந்து தொரைய ஊர்கோலம் கூட்டிப் போறோம்.” சின்னமனூர் தாண்டும்போது உதடு அசைந்தது. சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். வண்டிச் சத்தம்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். போன தடவை பார்த்த அதே டாக்டர். வெகுநேரம் கழித்து வந்தார்.

“ரொம்பச் சீக்கிரம் கொண்டாந்துட்டீங்கம்மா. ஆனா இது மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. நிறையக் கசிஞ்சிருக்கு. எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாலும் இதுல பெருசா ஒண்ணும் செய்ய முடியாது.”

“அப்ப அன்னைக்கும் அப்படித்தான் சார்? அன்னைக்கும் எப்ப வந்திருந்தாலும் ஒண்ணுதான?”

அவர் ஃபைலைப் புரட்டினார். புரட்டாமலே அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

“அன்னைக்கு வேறம்மா. அது அடைப்பு. நேரத்துக்கு வந்தா அதுக்கு ஊசி இருக்கு” என்றார். பிறகு, “இப்ப அதெல்லாம் நினைக்காதீங்க” என்றார்.

சரி சார் என்று சொல்லிவிட்டுக் கீழே போய் வண்டியைப் பார்த்தேன். வெயிலில் நின்றது. கிரேட் இடுக்கிலிருந்து பழுப்பாகச் சொட்டி, கீழே ஈ மொய்த்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கொத்து எடுத்துப்போனார்கள். லூர்து தடுக்கவில்லை. ஒரு அம்மாள், “விதை இருக்கு, ஆனா நல்ல இனிப்பு, என்ன பழம் இது” என்று கேட்டார்.

“சலேமா” என்றேன்.

மே 5

காலையில் போய்விட்டார். ஜெசிந்தா வந்து சேர்ந்துவிட்டாள். பக்கத்தில் நான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வைக்க என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மே 6

அடக்கம்.

லூர்து வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியை வாங்கி வந்தேன். வெள்ளைச் சட்டையை விரித்து, தண்ணீர் தெளித்து, காலர், கை மடிப்பு, பித்தான் பட்டை என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஜெசிந்தா, “நான் போடுறேம்மா” என்று கேட்டாள். கொடுக்கவில்லை. அவள் போகாமல் பக்கத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையின் ஒரு ஓரத்தைச் சுருங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

நேரம் நிறைய இருந்தது. கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை.

மே 20

பன்னீருக்கு மட்டும் தண்ணீர்.

ஜூன் 12

பிரசன்னா தம்பி வந்தது. வெறும் கட்டில் பக்கத்தில் பழக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, பிறகு எழுந்து நின்றது. மேனேஜர் இன்னொரு வருடம் பார்க்கலாம் என்கிறாராம். எனக்குச் சிரமம் என்றால் சலேமாவை எடுத்துவிட்டுப் பழையபடி பன்னீரே நட்டுக்கொள்ளலாமாம், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்களாம்.

“ஒடனே சொல்லணுமாப்பா?”

“இல்லம்மா. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க.”

டைரியைக் கேட்டது. மருந்து, தண்ணீர் விவரத்தை வேறு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 15

இன்று சலேமாவுக்குக் கவாத்து. ஆள் விடவில்லை. அவருடைய கத்தரியை எடுத்துக்கொண்டு நானே போனேன். பிடி அவர் கைக்குத் தேய்ந்தது, எனக்குப் பெரிதாக இருந்தது. அன்னத்தாய் வரப்பில் நின்று, “என்ன மதினி, இதப் பிடுங்கப் போறதா சொன்னாக” என்று கேட்டாள். “மூத்தவளும் எளையவளும் நாங்க பேசி முடிவு பண்ணிக்கிறோம், நீ போய் ஒன் ஆட்டப் பாரு” என்றேன்.

அவள் போனபிறகு மேற்கு வரிசையிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தேன். கட்டில் போட்டிருந்த இடத்தில் நாலு கால் பள்ளமும் அப்படியே இருந்தது. அதற்கு மேலே இருந்த கொடியைக் கடைசியில் வெட்டினேன். வெட்டின உடனே நுனியில் நீர் கட்டி, சொட்டத் தொடங்கியது. மற்ற கொடிகளும் சொட்டின. பந்தலுக்குக் கீழே எல்லா இடத்திலும் சத்தம் கேட்டது. தலையும் தோளும் நனைந்து, முகத்தில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஸ்பெயின்காரியை அண்ணாந்து பார்த்தேன்.

“போடி” என்றேன் அவளிடம்.